ஒரு கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்தானா?

கேள்வி: நான் தஞ்சாவூரில் வசிக்கிறேன், பாபநாசத்தில் உள்ள ஒரு பள்ளியில் ஆசிரியையாகப் பணியாற்றுகிறேன். வேலை நாள்களில் போக வர ஐம்பது கிலோமீட்டர் கார் ஓட்டுகிறேன். ஊருக்குள் ஓடுவதையும் சேர்த்தால் ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஆகும். இது தவிர, மகளைப் பார்க்க ஆண்டுக்கு மூன்று முறை சென்னைக்குச் சென்று வருகிறோம். பழைய காரை விற்றுவிட்டு டாடா நெக்ஸான் அளவிலான ஒரு காரை வாங்க நினைக்கிறோம். மின்சாரக் கார் என்றால் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்தான் ஆகும் என்று என் கொழுந்தனார் சொல்கிறார். ஷோரூமிலும் அதையே சொன்னார்கள். பேட்டரி போனால் அதுவரை மிச்சம் பிடித்தது அத்தனையும் போய்விடும் என்று உடன் பணிபுரியும் ஆசிரியர் ஒருவர் எச்சரிக்கிறார். எங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 460 யூனிட் அளவில் மின்சாரம் செலவாகிறது. பெட்ரோல் காரா, மின்சாரக் காரா? எவற்றையெல்லாம் கணக்கில் சேர்க்க வேண்டும்?

பதில்: அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பயன்பட்டது அந்த 460 என்ற எண்தான். காப்பீட்டு நிறுவனங்களுக்காக வாகனச் சேதங்களை மதிப்பிடும் சர்வேயராக இருப்பதால், இதே கேள்வியைப் பலர் என்னிடம் கேட்கிறார்கள். காரின் பெயரைச் சொல்வார்கள், பேட்டரியின் அளவைச் சொல்வார்கள். வீட்டு மின்கட்டண ரசீதில் என்ன எழுதியிருக்கிறது என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள். மின்சாரக் காரின் ஓட்டச் செலவில் காருக்கு எவ்வளவு பங்கு உண்டோ, அதே அளவு பங்கு வீட்டு மீட்டருக்கும் உண்டு.

முதலில், ஒரு யூனிட்டுக்குக் கார் எவ்வளவு தூரம் ஓடும் என்பதைப் பார்ப்போம். விளம்பரத்தில் சொல்லப்படும் தூரத்தைப் பேட்டரியின் அளவால் வகுத்துப் பார்ப்பவர்கள் உண்டு. அது சரியான வழி அன்று. மீட்டரில் ஓடும் மின்சாரம் முழுவதும் பேட்டரிக்குப் போய்ச் சேர்வதில்லை. மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக மாற்றும்போது ஒரு பகுதி வெப்பமாகப் போகிறது. பேட்டரியைக் குளிர்விக்கவும் கொஞ்சம் செலவாகிறது. நண்பர் ஒருவரின் வீட்டில், இரவில் மற்ற மின்கருவிகளையெல்லாம் நிறுத்திவிட்டு, சார்ஜ் போடுவதற்கு முன்னும் பின்னும் மீட்டர் ரீடிங்கை எழுதி வைத்துப் பார்த்தோம். காரின் திரை 20 யூனிட் ஏறியதாகக் காட்டியபோது, மீட்டர் 23 யூனிட் ஓடியிருந்தது. நீங்கள் பணம் கட்டப்போவது அந்த 23 யூனிட்டுக்கு. இந்த இழப்பையும் ஏசி போட்டு ஓட்டுவதையும் சேர்த்துப் பார்த்தால், நீங்கள் கேட்கும் அளவிலான காருக்கு மீட்டர் யூனிட் ஒன்றுக்கு 6 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வது நியாயமான கணக்கு. அந்தக் கணக்குப்படி, பள்ளி நடக்கும் இரண்டு மாதங்களில் நீங்கள் ஓட்டும் 2,000 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 330 யூனிட் வேண்டும்.

அந்த 330 யூனிட்டின் விலை என்ன என்பதில்தான் பெரும்பாலோர் தவறு செய்கிறார்கள். தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்துக்கு ஒரே விலை இல்லை; படிப்படியாக ஏறுகிற விலைதான் உண்டு. 2024 ஜூலையில் வந்த கட்டணப்படி, 500 யூனிட்டுக்குள் செலவழிக்கும் வீட்டுக்கு முதல் 100 யூனிட் இலவசம். அடுத்த 100 யூனிட்டுக்கு 2.35 ரூபாய், 400 வரை 4.70 ரூபாய், 500 வரை 6.30 ரூபாய். உங்கள் 460 யூனிட்டுக்கு 1,553 ரூபாய் வருகிறது. 500 யூனிட்டைத் தாண்டினால் இரண்டு காரியங்கள் ஒரே சமயத்தில் நடக்கின்றன. கூடுதல் யூனிட்டுகள் எட்டு ரூபாய்க்கு மேலான படிக்கும், 600 யூனிட்டுக்குப் பிறகு ஒன்பது ரூபாய்க்கு மேலான படிக்கும், 800 யூனிட்டுக்குப் பிறகு பத்து ரூபாய்க்கு மேலான படிக்கும் போகின்றன என்பது ஒன்று. 101 முதல் 200 வரை உங்களுக்குக் கிடைத்துவந்த 2.35 ரூபாய் என்ற சலுகை விலையும் அந்த ரசீதில் இல்லாமல் போகிறது என்பது மற்றொன்று. 500-இலிருந்து 501-க்குப் போகும் அந்த ஒரே யூனிட்டால் ரசீது இருநூறு ரூபாய்க்கும் மேல் கூடிவிடும்.

உங்கள் வீட்டுக் கணக்கில் 330 யூனிட் சேர்ந்தால் மொத்தம் 790. அதற்கான கட்டணம் 4,700 ரூபாயை ஒட்டி வரும். கார் இல்லாதபோது கட்டிய 1,553 ரூபாயைக் கழித்தால், காரால் வந்த கூடுதல் செலவு ஏறத்தாழ 3,150 ரூபாய். அதாவது யூனிட் ஒன்பதரை ரூபாய்; கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் அறுபது காசு.

உங்கள் கொழுந்தனார் சொன்ன ஒரு ரூபாய் எங்கிருந்து வந்தது என்பதும் இதே ரசீதில் தெரிகிறது. 4,700 ரூபாயை 790 யூனிட்டால் வகுத்தால் யூனிட்டுக்குச் சராசரியாக ஆறு ரூபாய். ஆறு கிலோமீட்டருக்கு ஆறு ரூபாய் என்றால் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய். அவர் பொய் சொல்லவில்லை; சராசரியை எடுத்துக்கொண்டார். ஆனால் இலவச யூனிட்டையும் மலிவான யூனிட்டையும் உங்கள் வீட்டு விளக்கும் மின்விசிறியும் குளிர்பதனப் பெட்டியும் முன்னரே பயன்படுத்திவிட்டன. கார் கடைசியில் வந்து சேர்கிறது. அதனால் கடைசிப் படியின் விலைதான் காரின் விலை.

உங்கள் தெருவிலேயே ஏசி இல்லாமல் இரண்டு மாதத்துக்கு 150 யூனிட் மட்டும் செலவழிக்கும் ஒரு குடும்பம் இதே காரை வாங்கி, இதே 2,000 கிலோமீட்டர் ஓட்டினால், அவர்கள் ரசீது 480 யூனிட்டில் நிற்கும். காரால் அவர்களுக்கு வரும் கூடுதல் செலவு 1,560 ரூபாய் அளவில்தான். கிலோமீட்டருக்கு எண்பது காசுகூட ஆகாது. ஒரே கார், ஒரே சாலை, செலவோ இரு மடங்கு வேறுபடுகிறது. ஆகவே, கிலோமீட்டருக்கு இவ்வளவுதான் என்று யார் உறுதியாகச் சொன்னாலும், எந்த வீட்டு மீட்டரை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள். உங்களுக்கு ஒரு சிறிய சாதகமும் உண்டு: ஏப்ரல் கடைசியிலிருந்து ஏசி இரவு முழுவதும் ஓடி வீட்டுக் கணக்கு ஏறும் காலத்தில் பள்ளி விடுமுறை என்பதால், காரின் யூனிட்டுகள் குறைந்துவிடும்.

இனிப் பெட்ரோலைப் பார்ப்போம். லிட்டர் 101 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். நீங்கள் கேட்கும் அளவிலான பெட்ரோல் கார் தஞ்சாவூர்–பாபநாசம் சாலையிலும் ஊர் நெரிசலிலுமாகச் சேர்த்து லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கொடுத்தால், கிலோமீட்டருக்கு ஏழு ரூபாய் இருபது காசு ஆகிறது. ஒரு லிட்டர் பெட்ரோலுக்குள் ஏறத்தாழ ஒன்பது யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றல் இருக்கிறது. ஆனால் எஞ்சின் அதில் கால் பங்கு அளவைத்தான் சக்கரத்துக்குக் கொண்டுபோகிறது. மீதி ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் வெப்பமாகவே போய்விடுகிறது. அதனால்தான், ஒன்பது ரூபாய்க்கு மேலான படியில் மின்சாரம் வாங்கினாலும் உங்கள் அன்றாட ஓட்டத்தில் மின்சாரக் கார் பெட்ரோல் காரின் கால் பங்குச் செலவுக்குள் நிற்கிறது.

சென்னைப் பயணத்தில் இந்த இடைவெளி சுருங்கும். போக வர 680 கிலோமீட்டர், மூன்று முறைக்கு 2,000 கிலோமீட்டருக்குச் சற்று மேல். நெடுஞ்சாலையில் உள்ள விரைவு சார்ஜிங் நிலையங்களில் 18 சதவீத ஜிஎஸ்டியையும் சேர்த்து யூனிட்டுக்கு 18 முதல் 25 ரூபாய் வரை கொடுக்க வேண்டியிருக்கும். 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது காற்றின் தடை மிகுவதால் யூனிட்டுக்கு ஐந்தரை கிலோமீட்டர்தான் கிடைக்கும் என்று கொண்டால், கிலோமீட்டருக்கு நான்கு ரூபாய் ஆகிவிடும். பெட்ரோல் காரோ நெடுஞ்சாலையில் சீராக ஓடி லிட்டருக்கு 17 கிலோமீட்டர் கொடுத்து, கிலோமீட்டருக்கு ஆறு ரூபாயில் முடித்துவிடும். நீண்ட தூரமே அதிகமாக ஓட்டுபவருக்கு மின்சாரக் காரின் மிச்சம் மிகக் குறைவாக இருப்பதற்கு இதுவே காரணம்.

ஆண்டுக் கணக்காகச் சேர்த்தால், மின்சாரக் காருக்கு வீட்டில் 19,200 ரூபாயும் வழியில் 8,000 ரூபாயுமாக 27,000 ரூபாய் அளவில் ஆகும். பெட்ரோல் காருக்கு 98,000 ரூபாய் அளவில் ஆகும். எரிபொருளில் மட்டும் எழுபதாயிரம் ரூபாய் வித்தியாசம். உங்கள் ஓட்டத்துக்கு இது பெரிய தொகை.

இதை அப்படியே மிச்சம் என்று எழுதிக்கொள்ள வேண்டாம். எஞ்சின் ஆயில், ஸ்பார்க் பிளக், கிளட்ச் ஆகியவை மின்சாரக் காருக்கு இல்லாததால் சர்வீஸ் செலவில் ஆண்டுக்கு மூன்று, நான்காயிரம் ரூபாய் குறையும் என்பது உண்மையே. அந்தத் தொகையை டயர் வாங்கிக்கொள்ளும். பேட்டரியின் எடையும், ஆக்ஸிலரேட்டரை மிதித்த உடனே கிடைக்கும் முழு இழுவிசையும் டயரை விரைவில் தேய்க்கின்றன. பெட்ரோல் காரில் 45,000 கிலோமீட்டர் வரை வந்த டயர், மின்சாரக் காரில் 33,000 கிலோமீட்டரிலேயே மாற்றும் நிலைக்கு வருவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பிரேக் கட்டைகள் மட்டும் நீடித்து உழைக்கும். வேகத்தைக் குறைக்கும்போது மோட்டாரே பெரும்பகுதி வேலையைச் செய்துவிடுகிறது.

காப்பீடு என் துறை என்பதால் அதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்கிறேன். மின்வாகனங்களுக்கு மூன்றாம் நபர் காப்பீட்டில், அதாவது நம் காரால் பிறருக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பீட்டில், 15 சதவீதத் தள்ளுபடி உண்டு என்று சொல்வார்கள். 2022 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த கட்டணத்தில் அது உண்மைதான். ஆனால் பெட்ரோல் காரை எஞ்சினின் கொள்ளளவைக் கொண்டும், மின்சாரக் காரை மோட்டாரின் கிலோவாட்டைக் கொண்டும் வகைப்படுத்துகிறார்கள். 1,199 சிசி எஞ்சின் உள்ள பெட்ரோல் நெக்ஸான் நடு வகையில் வருவதால், புதிய காருக்குக் கட்டாயமான மூன்றாண்டு மூன்றாம் நபர் பிரீமியம் 10,640 ரூபாய். 45 கிலோவாட் மணி பேட்டரி உள்ள மின்சார நெக்ஸானின் மோட்டார் நூறு கிலோவாட்டைத் தாண்டுவதால், அது 65 கிலோவாட்டுக்கு மேற்பட்ட உயர்ந்த வகையில் விழுகிறது; அதற்கு 20,907 ரூபாய். தள்ளுபடிக்குப் பிறகும் ஏறத்தாழ இரு மடங்கு. அத்துடன் காரின் விலை கூடுதல் என்பதால் சொந்தச் சேதக் காப்பீட்டின் பிரீமியமும் கூடும். இரண்டையும் சேர்த்து ஆண்டுக்குப் பத்தாயிரம் ரூபாயை எழுபதாயிரத்திலிருந்து கழித்துவிடுங்கள். 60,000 ரூபாய் மிச்சம் என்பதே நான் உங்களுக்குத் துணிந்து சொல்லக்கூடிய எண்.

இனி உங்கள் சக ஆசிரியரின் எச்சரிக்கை. பேட்டரிக்கு எட்டு ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர், இவற்றில் எது முன்னதோ அதுவரை உத்தரவாதம் தருவது வழக்கம். சில நிறுவனங்கள் முதல் உரிமையாளருக்கு இதைவிட நீண்ட காலமும் தருகின்றன. ஆண்டுக்கு 14,000 கிலோமீட்டர் ஓட்டும் நீங்கள் எட்டு ஆண்டுகளில் 1,12,000 கிலோமீட்டரைத்தான் எட்டுவீர்கள். கொள்ளளவு குறிப்பிட்ட சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தரவேண்டியது நிறுவனத்தின் பொறுப்பு. அந்தச் சதவீதம் எவ்வளவு என்பதை உத்தரவாதப் புத்தகத்தில் படித்துப் பாருங்கள். பேட்டரி தானாகப் பழுதாகும் என்ற அச்சம் உங்கள் முடிவைத் தடுக்க வேண்டியதில்லை.

எனக்கு உள்ள கவலை வேறு. வயல் வழியாகப் போகும் சாலையில் பெயர்ந்து கிடந்த மதகுக் கல் ஒன்றின் மேல் ஏறி இறங்கிய ஒரு மின்சாரக் காரைச் சென்ற ஆண்டு பார்க்கப் போனேன். லிஃப்டில் தூக்கி நிறுத்தியிருந்த காரின் அடியில் டார்ச் அடித்துப் பார்த்தபோது, பேட்டரிப் பெட்டியின் அடித்தகட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு குழிவு இருந்தது. அதன் ஓரத்தில் குளிர்விக்கும் திரவம் முத்து முத்தாகக் கசிந்துகொண்டிருந்தது. கார் ஓடத்தான் செய்தது. ஆனால் பட்டறையில் முழுப் பேட்டரியையும் மாற்ற வேண்டும் என்று எழுதிக் கொடுத்த தொகை, காரின் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. அடிபட்ட பேட்டரிக்கு உத்தரவாதம் கிடையாது. காப்பீடுதான் காப்பாற்ற வேண்டும். வழக்கமான மோட்டார் பாலிசியில் ரப்பர், பிளாஸ்டிக், டயர், பேட்டரி ஆகியவற்றுக்கு 50 சதவீதத் தேய்மானம் கழிக்கும் விதி இருக்கிறது. ஆகவே தேய்மானம் கழிக்காத கூடுதல் காப்பையும், காரை ஓட்டும் பெரிய பேட்டரிக்கான (இழுவைப் பேட்டரி) தனிக் காப்பையும் தவறாமல் எடுங்கள். தண்ணீர் புகுந்தால் ஏற்படும் சேதமும் அதில் அடங்குகிறதா என்பதை எழுத்தில் பாருங்கள். காவிரிப் படுகையில் ஐப்பசி, கார்த்திகையில் சாலை எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மேலே கழித்த பத்தாயிரம் ரூபாய்க்குள் இந்தக் காப்புகளுக்கான தொகையும் அடக்கம்.

வாங்கும் விலையைப் பொறுத்தவரை, ஒரு பேச்சுக்குப் பெட்ரோல் காரின் ஷோரூம் விலை 11 லட்சம், மின்சாரக் காரின் விலை பதினான்கரை லட்சம் என்று கொள்வோம். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் பத்து லட்சத்துக்கு மேல் இருபது லட்சம் வரையிலான காருக்கு ஆயுட்கால வரி 18 சதவீதம் என்பதால், பெட்ரோல் காருக்கு வரி மட்டும் இரண்டு லட்சத்தை நெருங்கும். மின்வாகன வரிவிலக்கு நடப்பில் இருக்கும் நாளில் பதிவு செய்தால், மூன்றரை லட்ச இடைவெளி ஒன்றரை லட்சமாகச் சுருங்கிவிடும். இரண்டரை ஆண்டுகளில் அதை மீட்டுவிடலாம். விலக்கு இல்லாத நாளில் பதிவு செய்தால், ஆறு ஆண்டுகளும் அதற்கு மேலும் ஆகும். கடனில் வாங்கினால் வட்டியையும் சேர்க்க வேண்டும். முன்பணம் கட்டும் நாளில் எந்த அரசாணை நடப்பில் உள்ளது என்பதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். ஷோரூமில் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம்.

பேட்டரியை வாடகைக்குக் கொடுத்துக் காரின் விலையைக் குறைத்துக் காட்டும் திட்டங்களும் வந்துள்ளன. 2024 செப்டம்பரில் எம்ஜி வின்ட்ஸர் என்ற மின்சாரக் கார் அறிமுகமானபோது பேட்டரி வாடகை கிலோமீட்டருக்கு 3.50 ரூபாய் என்று அறிவித்தார்கள். உங்கள் வீட்டு மின்சாரச் செலவான 1.60 ரூபாயை அதனுடன் கூட்டினால் ஐந்து ரூபாயைத் தாண்டிவிடும். நாள்தோறும் ஐம்பது கிலோமீட்டர் ஓட்டும் உங்களுக்கு அது பொருந்தாது.

ஆகவே, வரிவிலக்கு நடப்பில் இருக்குமானால், தயங்காமல் மின்சாரக் காரை வாங்குங்கள் என்பதே என் கருத்து. விலக்கு இல்லையென்றாலும், எட்டு ஆண்டு வைத்து ஓட்டும் எண்ணம் இருந்தால் நட்டம் வராது. நான்கைந்து ஆண்டுகளில் விற்றுவிடும் பழக்கம் உள்ளவரானால் பெட்ரோல் காரே போதும். ஆண்டுக்கு ஐயாயிரம் கிலோமீட்டர்தான் ஓட்டுகிறேன் என்று நீங்கள் எழுதியிருந்தால், பெட்ரோல் காரையே வாங்கச் சொல்லியிருப்பேன்.

மொட்டை மாடி உங்களுடையதாக இருந்தால் இன்னொன்றையும் யோசியுங்கள். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட் அமைப்புக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது. கிலோவாட்டுக்கு நாளொன்றுக்கு நான்கு யூனிட் என்று கொண்டால், இரண்டு மாதத்தில் 700 யூனிட் அளவில் உற்பத்தியாகும். கார் கடைசிப் படியில் வந்து ஏறுவதுபோல, சூரிய மின்சாரமும் கடைசிப் படியிலிருந்துதான் கழிகிறது. ஒன்பது ரூபாய் யூனிட்டுகள் முதலில் மறைந்து, உங்கள் ரசீது மீண்டும் 500 யூனிட்டுக்குள் வந்துவிடும்.

கடைசியாக, காரைப் பதிவு செய்வதற்கு முன்னரே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. 15 ஆம்பியர் பிளக்கில் சார்ஜ் போட்டால் எட்டு, பத்து மணி நேரம் தொடர்ந்து முழுச் சுமையில் மின்சாரம் ஓடும். வாட்டர் ஹீட்டருக்காகப் போட்ட பழைய வயரும் தளர்ந்த சாக்கெட்டும் அதைத் தாங்காமல் உருகிக் கருகிய பிளக்குகளைச் சேத மதிப்பீட்டுக்குப் போன இடங்களில் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைத்து, மீட்டர் பலகையிலிருந்து கார் நிறுத்தும் இடம் வரை தனி வயரும், சுமை மிகுந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் தனி எம்சிபியும், கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபியும் போடச் சொல்லுங்கள். எர்த் குழியில் தண்ணீர் ஊற்றி எத்தனை நாளாயிற்று என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். 7 கிலோவாட் சுவர் சார்ஜர் வைப்பதானால், உங்கள் இணைப்புக்கு மின்வாரியம் ஒப்பளித்த மின்பளுவைக் கூட்டவும் மும்முனை இணைப்புக்கு மாறவும் வேண்டியிருக்கலாம். அதற்கான கட்டணம் எவ்வளவு என்பதை உங்கள் பகுதி மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் விசாரித்துக்கொண்ட பிறகு ஷோரூமுக்குப் போங்கள்.